கியர்பாக்ஸை இறக்குமுன்

அடி அண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றால் காரை வெளியே எடுக்காத நாள். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் அன்றைக்கு நடப்பவர்களுக்குத்தான். வெளியூர் டாக்ஸிகள் திண்டிவனம் சாலையிலும் வேலூர் சாலையிலும் வரிசை கட்டி ஊர்கின்றன. ஓரடி நகர்வு, ஒரு நிறுத்தம். ஓட்டுநரின் இடது கால் கிளட்சை முழுதாக மிதிப்பதுமில்லை, முழுதாக விடுவதுமில்லை.

இந்த ‘ஹாஃப் கிளட்ச்’தான் எஞ்சினோடு சுழலும் கனத்த தட்டான ஃபிளைவீலுக்கு எமன். கிளட்ச் பிளேட் வழுக்கி உரசும் சூடு ஃபிளைவீலின் முகத்தில் இறங்குகிறது; நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் விழுகின்றன. அப்புறம் முதல் கியரில் கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும். “கிளட்ச் போயிடுச்சுண்ணே” என்று பிளேட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கியர்பாக்ஸை இறக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான். இறக்கிய பிறகும் ஃபிளைவீலைப் பார்க்காமல் மூடுவது வீண் செலவு.

டீசலின் முரட்டுத்தனமும் சேர்ந்துகொள்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், 1,600 முறை வெடிக்கிறது. அந்த அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமலிருக்க, ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985இல் இரட்டை ஃபிளைவீலைக் கொண்டுவந்தது. இரண்டு தட்டுகள், நடுவே கிரீஸில் ஊறும் வளைந்த ஸ்பிரிங்குகள். அதே லுக்கின் கிளட்ச் ஆலை நம் ஓசூரிலும் உண்டு. ஸ்கோடா லாரா டீசலில் இந்த இரட்டை வகைதான். அம்பாசிடர் டீசலில் இருந்ததோ ஒரே இரும்புத் தட்டு.

கோளாறை முதலில் காதால் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் மீது சந்தேகம். மிதித்ததும் சத்தம் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பார்க்கலாம். சாவியை அணைக்கும் நொடியில் அடியிலிருந்து ‘கடகட’வென்று உதறினால், இரட்டை ஃபிளைவீலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் கத்தினால், அது பிளேட் தேய்மானம்.

கியர்பாக்ஸை இறக்கிய பிறகு, ஃபிளைவீலின் விளிம்பிலுள்ள பல் வளையமான ரிங் கியரையும் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும். அதனால் ஸ்டார்ட்டர் கடிக்கும் பற்களும் அங்கேயே தேய்கின்றன. மற்ற பற்கள் புதுசு போல இருக்கும். பழைய மெக்கானிக்குகள் ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி மாட்டுவார்கள். சூட்டில் விரிந்த ரிங், ஆறும்போது தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஃபிளைவீல் ஒற்றைத் தட்டாக இருந்தால் லேத் பட்டறையில் முகம் சீவி மறுபடி போடலாம், கம்பெனி சொல்லும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாதவரை. வெடிப்பு ஆழமாக இருந்தால் அதுவும் ஆகாது. இரட்டை வகையில் இரு தட்டுகளுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தைக் கையால் திருப்பி, கம்பெனி அளவோடு ஒப்பிடுகிறார்கள். மீறியிருந்தாலோ கிரீஸ் கசிந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். போல்ட்டுகளும் புதிதாக வேண்டும். முறுக்கும்போது இழுபடும் வகை என்பதால் பழசை மறுபடி நம்ப முடியாது.

விலையைக் கேட்டு மலைத்து, இரட்டையைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓடும். பில்லும் குறையும். ஆனால் ஸ்பிரிங் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வு இனி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும்; சிக்னலில் நிற்கும்போது அது காதிலும் விழும்.