1,299 ரூபாய் டிரில்லிங் மெஷின் வாங்கலாமா? உப்புக் காற்று அடிக்கும் ஊரில் ஒரு கணக்கு

வரிச்சிக்குடியில் ஒருவர் புதிதாக வாடகை வீடு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை காரைக்கால் டவுனில். ஹாலில் ஒரு ஷெல்ஃப், பெட்ரூமில் ஒரு கண்ணாடி, கொல்லைப்புறத்தில் துணி காய ஒரு கொடி. மொத்தம் ஆறு ஓட்டை போட வேண்டும். மொபைலைத் திறந்தால் ‘48 வோல்ட்’ பேட்டரி டிரில், இரண்டு பேட்டரி, 24 பிட், ஒரு பெட்டி, எல்லாம் சேர்த்து 1,299 ரூபாய். அதற்குக் கீழேயே பெயர் தெரிந்த கம்பெனியின் ஒயர் வைத்த மெஷின். விலை இரண்டரை மடங்கு.

“சீப்பா வாங்கினா ரெண்டு தடவை வாங்கணும்டா” என்பார் அப்பா. “ஆறு ஓட்டைக்கு எதுக்கு மச்சி அவ்வளவு காசு?” என்பார் நண்பர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே கருவிக்குப் பொருந்தாது. எதற்கு அப்பா பேச்சு, எதற்கு நண்பர் பேச்சு என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

அந்த ‘48’ எங்கிருந்து வந்தது?

முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிடலாம். ஒரு லித்தியம் அயன் செல் தருவது சுமார் 3.6 வோல்ட். முழு சார்ஜில் 4.2. இந்த வகை டிரில் பேட்டரிகளில் பெரும்பாலும் ஐந்து செல்கள் வரிசையாக இருக்கும். ஐந்தைப் பெருக்கினால் 18 வோல்ட். சார்ஜ் ஏற்றிய கையோடு அளந்தால் 21. கடையில் ‘18 வோல்ட்’, ‘21 வோல்ட்’ என்று இரண்டு விலையில் இருப்பது பல நேரம் ஒரே சரக்குதான். நிஜமாகவே 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல் வேண்டும். அது அந்தக் கைப்பிடிக்குள் அடங்காது. ‘48வி.எஃப்’, ‘88வி.எஃப்’ என்று அச்சிடுவதெல்லாம் மாடல் பெயர் மாதிரி. மின்னழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எண் பொய் என்பதால் மெஷினே வீண் என்று அர்த்தமில்லை. பிளைவுட்டில் ஸ்க்ரூ முடுக்க, ஆன்லைனில் வந்த மேஜையைச் சேர்க்க, செங்கல் சுவரில் சின்ன ஓட்டை போட அது போதும். கதவுக்கு மேல் இருக்கும் கான்கிரீட் லின்டலில் வைத்தால்தான் முனகும், சூடாகும், கடைசியில் பிட் மழுங்கி நின்றுவிடும். தவறு மெஷின் மேலா, அந்த வேலையை அதனிடம் கொடுத்தவர் மேலா என்று கேட்டால் பாதிப் பாதி.

விலை எப்படி இவ்வளவு குறைகிறது?

காரைக்கால் பக்கம் ‘புதுச்சேரி வரி, அதனால் விலை கம்மி’ என்ற பழைய நம்பிக்கை இன்னும் இருக்கிறது. பெட்ரோலுக்கும் மதுவுக்கும் அது பொருந்தும், அவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கின்றன. 2017 ஜூலை 1-க்குப் பிறகு டிரில்லிங் மெஷினுக்கு காரைக்காலிலும் 18 சதவீதம், பக்கத்து மயிலாடுதுறையிலும் 18 சதவீதம். (மண்வெட்டி, கதிர் அரிவாள் போன்ற கை விவசாயக் கருவிகளுக்கு எங்கேயும் ஜி.எஸ்.டி. கிடையாது.) ஆக, இந்த மலிவுக்கும் மாநில எல்லைக்கும் தொடர்பில்லை.

காரணம் தொழிற்சாலையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, உலகக் கைக்கருவி ஏற்றுமதியில் சீனாவின் பங்கை ஏறக்குறைய பாதி என்கிறது. மின்கருவிகளில் 40 சதவீதம். இந்தியாவின் பங்கு கைக்கருவிகளில் 1.8 சதவீதம், மின்கருவிகளில் 0.7 சதவீதம். ஜலந்தர், லூதியானா, நாகௌர் என்று பெயர் பெற்ற கருவி ஊர்கள் இங்கே இருந்தும் சீனாவோடு ஒப்பிட்டால் உற்பத்திச் செலவு 14 முதல் 17 சதவீதம் கூடுதல் என்று அதே அறிக்கை கணக்கிடுகிறது.

ஆனால் இரண்டரை மடங்கு வித்தியாசத்தை அந்த 17 சதவீதம் மட்டும் விளக்காது. மீதி எங்கே மிச்சமாகிறது? பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புஷ், உலோகப் பல்சக்கரத்துக்குப் பதில் பிளாஸ்டிக், மோட்டாரில் குறைந்த செம்பு. அப்புறம், விற்ற பிறகு பொறுப்பு இல்லாதது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒயர் மெஷினாக இருந்தால், வாங்குவதற்கு முன் பக்கத்து ஹார்டுவேர் கடையில் போய், “அண்ணே, இந்த மாடலுக்கு கார்பன் பிரஷ் கிடைக்குமா?” என்று கேளுங்கள். பிரஷ் விலை மிகச் சொற்பம். அது கிடைக்கும் மெஷின் பத்து வருஷம் ஓடலாம். கிடைக்காத மெஷினின் ஆயுள் முதல் பிரஷ் தேயும் வரைதான்.

மலிவே போதும் என்கிற இடங்கள்

தூக்குக் குண்டு நல்ல உதாரணம். ஒரு நூல், ஒரு இரும்புக் குண்டு. எவ்வளவு மலிவாக வாங்கினாலும் புவியீர்ப்பு ஏமாற்றாது. நகரும் பாகமும் இல்லை, கூரான முனையும் இல்லை; இந்த மாதிரிக் கருவியில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. சாந்துச் சட்டி, பெயின்ட் ரோலர், எண்ணெய் கேன் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

ரசமட்டம் அப்படியல்ல. கோணலாக ஒட்டப்பட்ட குப்பியோடு வரும் மலிவு ரசமட்டம் அமைதியாகப் பொய் சொல்லும். ஷெல்ஃப் சாய்ந்திருக்கும், ‘ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்’ என்று வீட்டில் கிண்டல் வேறு. அந்த முறை கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கலாம்! கடையிலேயே சோதிக்கலாம்: மேஜை மேல் வைத்து குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் தலைமாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கம், அதே கோட்டில் நின்றால் அந்த ரசமட்டம் சரி. விலை எதுவானாலும் வாங்கலாம்.

புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்பவருக்கும் மலிவு நல்லதே. மரவேலை பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாதபோது உயர்ரக உளி செட் வாங்கி என்ன செய்வது? அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலமான ஆடம் சாவேஜ் சொல்லும் வழி இதுதான்: முதலில் மலிவானதை வாங்கு, அதை எதற்குப் பயன்படுத்துகிறாய் என்று தெரிந்த பிறகு, வாங்க முடிந்ததிலேயே நல்லதை வாங்கு. வீட்டில் சும்மா கிடக்கும் கருவிகளை எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் புரியும்.

காசு பார்க்கக் கூடாத இடங்கள்

கட்டிங் மெஷின் என்று இங்கே எல்லோரும் சொல்லும் ஆங்கிள் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். அதில் மாட்டும் டிஸ்க்கின் விளிம்பு அப்போது நொடிக்கு சுமார் 60 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல டிஸ்க்கில் அது தாங்கும் அதிகபட்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும். ஆமாம், டிஸ்க்குக்கும் எக்ஸ்பயரி உண்டு, பொதுவாக தயாரித்து மூன்று வருடம். உள்ளே இருக்கும் ரெசின் ஈரத்தில் வலு இழக்கும். கடலோர ஈரப்பதத்தில் ஷெட்டில் கிடந்த தேதி இல்லாத டிஸ்க்கை, பத்து இருபது ரூபாய் மிச்சம் என்று மாட்டுவது கண்ணைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

மல்டிமீட்டரும் இதே ரகம். பொம்மைப் பேட்டரியைப் பார்க்க 200 ரூபாய் மீட்டர் போதும். வீட்டு மெயின் போர்டில் வைப்பதற்கு அது ஆகாது. நல்ல மீட்டரில் மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் இருக்கும். ஷார்ட் ஆனால் பொறியை உள்ளேயே அணைத்துவிடும். மலிவு மீட்டரில் சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருந்தால் அதிசயம். மேலே ‘கேட் 3’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அச்சிட காசு அதிகம் ஆகாது. வீட்டு ஒயருக்கும் பைக் ஹெல்மெட்டுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். அங்கே பேரம் பேச ஒன்றும் இல்லை. ஏணிக்கும் இதே புத்திதான் வேண்டும்.

தினமும் கருவியால் பிழைப்பவரின் கணக்கு வேறு. ஒரு தச்சரின் நாள் கூலி 1,000 ரூபாய் என்று வையுங்கள். மெஷின் மதியம் நின்றால் அரை நாள் போச்சு. ரிப்பேருக்கு காரைக்கால் போய் வந்தால் முழு நாள். அப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை நடந்தாலே விலை வித்தியாசம் கரைந்துவிடும். அவருக்கு அப்பா சொன்னதுதான் சரி.

உப்புக் காற்று மாற்றும் கணக்கு

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கும் வரிச்சிக்குடிக்குக் கிழக்கே வங்கக் கடல். அலை உடையும்போது காற்றில் ஏறும் உப்புத் துளிகள் இரும்பின் மேல் படிகின்றன. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு அதைவிடக் குறைவான ஈரமே போதும். மழை பெய்ய வேண்டியதில்லை; ஸ்பேனர் தானாகவே நனைகிறது. கரையிலிருந்து உள்ளே போகப் போக உப்பின் அளவு வேகமாகக் குறையும். அதனால் காளிக்குப்பத்தில் ஒரு மாதிரி, மேற்கே திருநள்ளாற்றில் வேறு மாதிரி. இரும்பை எந்த ஊர்க் காற்று எவ்வளவு அரிக்கிறது என்று காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி நாடு முழுக்க அளந்து வரைபடமே போட்டிருக்கிறது.

இதனால் வழக்கமான அறிவுரை ஒன்று தலைகீழாகிறது. ‘நல்லதா ஒரு தடவை வாங்கி வச்சிட்டா ஆயுசுக்கும் ஆச்சு’ என்பது, எடுத்துப் பயன்படுத்தி, துடைத்து, எண்ணெய் தடவி வைப்பவருக்குத்தான் பலிக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் திறக்கப்படும் பெட்டியில் 4,000 ரூபாய் ஸ்பேனர் செட்டும் துருப்பிடிக்கும், 600 ரூபாய் செட்டும் துருப்பிடிக்கும். கடலோரத்தில் அபூர்வமாகப் பயன்படுத்தும் கருவிக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை, கூடவே கிடந்து துருப்பிடிக்காமல் இருக்க வேண்டிய சில்லறைச் சாமானில் போடலாம். கொடி கட்டும் கொக்கியும் ஸ்க்ரூவும் சாதா இரும்பாக இருந்தால் ஓரிரு மழைக்காலத்தில் சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் பரவாயில்லை. கரைக்கு மிக அருகில் என்றால் 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு போடும் புள்ளி அரிப்பை அதிகம் தாங்கும்.

அதிக விலை என்றாலே நல்ல இரும்பு என்றும் இல்லை. டெல்டாவில் கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் அரிவாள், பளபளப்பான பெட்டியில் வரும் கத்திகள் பலவற்றைவிட நன்றாக முனை பிடிக்கும். ஸ்பிரிங் பட்டை என்பதே உயர்ந்த எஃகு. முனை போனால் திரும்பக் காய்ச்சி அடித்துத் தோய்த்துத் தருவார்கள். சர்வீஸ் சென்டர் தெருக்கோடியில்!

வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர்

மலிவு உண்மையில் ஆபத்தாவது இந்த இடத்தில்தான். காரைக்கால் கடற்கரை இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை, காரைக்கால் மீனவ ஊர்களுக்கு உதவி குவிந்தது. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் வந்தன. தேவை திடீரென்று ஏறியதால் புதுப்புது யார்டுகள் முளைத்தன. வாங்கியவர்கள் உதவி அமைப்புகள். அவர்களுக்குக் கணக்கு காட்ட வேண்டியது எத்தனை படகு என்பது. கடலுக்குப் போனவர் வேறு ஆள். ஃபைபர் படகில் கண்ணாடி இழை எத்தனை அடுக்கு, ரெசின் சரியாக இறுகியதா என்பதெல்லாம் மேலே பூசிய வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடும். கரையில் நின்று பார்த்தால் நல்ல படகும் மோசமான படகும் ஒன்றுதான். இலங்கையில் சுனாமிக்குப் பின் கட்டிய படகுகளில் தரமற்றவை கலந்திருப்பதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பே எச்சரித்தது.

ஆபீஸில் ‘எல் 1’ என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர். அந்த நாற்காலியில் உட்காருபவர் டெண்டர் கமிட்டியில் இருக்க மாட்டார். 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் கட்டுமானம் உள்ளிட்ட சில கொள்முதல்களில் தரத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தது. அதுவும் அதிகபட்சம் 30 சதவீதம் வரைதான். வீட்டு வேலைக்கு வரும் பிளம்பருக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கும் ஏணி, ஒயர், டிஸ்க் எல்லாம் இதே கணக்கில் வரும். உடைந்தால் விழப்போவது நீங்கள் இல்லை.

சரி, அந்த ஆறு ஓட்டை?

வரிச்சிக்குடிக்காரர் இரண்டில் எதையும் வாங்க வேண்டியதில்லை. சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் டிரில்லிங் மெஷினும் கிடைப்பதுண்டு. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் சொந்தமாக, நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்: கார்பைடு முனை வைத்த 6 மி.மீ. மேசன்ரி பிட் ஒன்று. வாடகை மெஷினோடு வரும் பிட் எத்தனை லின்டலைப் பார்த்து மழுங்கியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டை போட்டதும் பிட்டைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தால் அடுத்த வீடு மாறும்போது உதவும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், உள்ளே ஒயர் பைப் போகும். வீட்டு ஓனரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அட்வான்ஸில் ஓட்டைக்கு இவ்வளவு என்று பிடித்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த மிச்சமும் கட்டுபடியாகாது.