செயற்கைக் கால் பொருத்தும் முன்

கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் பொருத்துவது, கடையில் அளவு பார்த்துக் காலணி வாங்குவது போன்றதே என்று நாங்கள் எண்ணியிருந்தோம். விவரம் தேடிப் படித்தபோதுதான் அது எத்தனை தவறு என்று புரிந்தது.

முதலில் மருத்துவர் எஞ்சிய காலைத் தொட்டுப் பார்க்கிறார். காயம் நன்றாக ஆறிவிட்டதா? தழும்பு எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அறுவைக்குப் பின் அவ்விடம் வீங்கியிருக்கும். நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் பாண்டேஜ் சுற்றி, நாள்தோறும் சுற்றளவை டேப்பினால் அளப்பார்கள். அளவு குறைந்து ஒரு நிலையில் நின்ற பிறகே நிலையான உறை செய்ய முடியும். அவசரப்பட்டால், வீக்கம் வடிந்ததும் உறை தொளதொளத்துத் தோல் உரசிப் புண்ணாகும்.

அடுத்தது மூட்டு. வலி குறையட்டும் என்று முழங்காலின் கீழ்த் தலையணை வைத்தே படுத்திருந்தால், மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். அன்பினால் வீட்டார் செய்யும் இவ்வுதவி பின்னர் நடையைக் கெடுக்கிறது. (தாய்மார்கள் கவனிக்க!) மற்றக் காலின் வலிமை, கைகளின் பிடி, இதயம், கண்பார்வை ஆகியவையும் சோதிக்கப்படும். முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர் நடக்க மிகுந்த சக்தி வேண்டும். இதயம் பலவீனமான முதியவருக்குச் சக்கர நாற்காலியே நலமாக இருக்கலாம். அதை எடுத்துச் சொல்லவும் மருத்துவருக்குத் துணிவு வேண்டும் அல்லவா? இல்லாத பாதத்தில் அரிப்பதாகவும் வலிப்பதாகவும் சிலர் கூறுவர். அது கற்பனையன்று, நரம்பு மண்டலத்தின் வேலை.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்த கேள்வி வேறு: "நீங்கள் வீட்டிலும் வேலையிலும் என்ன செய்வீர்கள்?" மேலைநாட்டுப் பாதம் ஷூவுக்குள் அணிவதற்காகச் செய்யப்பட்டது. அதனோடு சம்மணமிட்டு அமரவோ, குந்தவோ, வெறுங்காலுடன் வயலில் இறங்கவோ நம் நாட்டவரால் இயலவில்லை. பலர் அதை மூலையில் போட்டுவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுத்தனர். இதைக் கண்ட ஜெய்ப்பூர் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில், ரப்பரால் ஆன ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கினர். அதற்கு ஷூ தேவையில்லை. குந்தி அமரவும் வளைந்து கொடுக்கும்.

1981இல் திருச்சிக்கு அருகே நடந்த பஸ் விபத்தினால் ஒரு காலை இழந்த நடனமணி சுதா சந்திரனுக்கு அப்போது ஏறத்தாழ எங்கள் வயதுதான். அவர் பெற்றதும் ஜெய்ப்பூர் பாதமே. பொருத்திய அன்றே அவர் ஆடிவிடவில்லை. வலியைப் பொறுத்துப் பயின்று, 1984இல்தான் மீண்டும் மேடையேறினார்.