பழைய காருக்கு வேறு இஞ்சினா?



பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரின் இஞ்சின் ஒருநாள் கெட்டுப்போகிறது. பட்டறைக்காரர் சோதித்துவிட்டு, பழுதுபார்க்க இவ்வளவு, வேறு இஞ்சின் போட இவ்வளவு என்று இரண்டு தொகைகளைச் சொல்கிறார். எதைச் செய்வது? இன்று இந்தக் கேள்வியைத்தான் நாம் ஆராயப் போகிறோம்.

தோட்டத்துக் குடும்பத்துக்குக் கார் ஆடம்பரப் பொருள் அன்று. செம்பனைக் காட்டின் நடுவே இருக்கும் லயத்திலிருந்து பிள்ளையை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பவும், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் அதுவே துணை. அது நின்றுவிட்டால் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறது. ஆகவே, பதற்றத்தில் முடிவு செய்யக்கூடாத காரியம் இது.

இதை விளங்கிக்கொள்ள நாம் முதலில் சிங்கப்பூரின் தேக்காவுக்குப் போவோம். தீபாவளிக்குத் துணிமணி வாங்கவும், வேலைக்குப் போன உறவினரைப் பார்க்கவும் நம்மில் பலர் போய்வந்த இடந்தான். அங்கே சிராங்கூன் சாலையில் போகும் கார்களைச் சற்றுக் கவனியுங்கள். நம் தோட்டங்களில் ஓடும் இருபது ஆண்டுக் கார்களைப் போன்றவை அங்கே மிகவும் அரிது. அதற்குக் காரணம் ஒரு சான்றிதழ்.

சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு மே மாதம் வாகனப் பங்கீட்டு முறை நடப்புக்கு வந்தது. கார் வாங்குகிறவர் காரின் விலையோடு, ஏலத்தில் கிடைக்கும் வாகன உரிமைச் சான்றிதழுக்கும் பணம் கட்ட வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 100,000 வெள்ளிக்கு மேல் இருந்தது. பத்தாண்டு முடிந்ததும் காரின் பதிவை நீக்க வேண்டும்; அல்லது, முந்திய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி மேலும் 10 ஆண்டுக்கோ, அதில் பாதியைக் கட்டி 5 ஆண்டுக்கோ நீட்டிக்க வேண்டும். ஐந்தாண்டு நீட்டிப்பை எடுத்தவர் மறுபடி நீட்டிக்க இயலாது. பத்தாண்டைக் கடந்த காருக்குச் சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடாக உயர்ந்து, 50 விழுக்காடு வரை கூடும். ஆண்டுதோறும் சோதனையும் உண்டு.

இப்போது தேக்காவில் வாழும் ஒருவருடைய காரின் இஞ்சின் கெட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்க 2,400 வெள்ளி, வேறு இஞ்சின் போட 6,000 வெள்ளி என்று கணக்குக்காகக் கொள்வோம். சான்றிதழில் இன்னும் 12 மாதமே மீதி என்றால், வேறு இஞ்சினுக்கு மாதம் 500 வெள்ளி விழுகிறது. பழுதுபார்த்தால் 200 வெள்ளி. சான்றிதழை அப்போதுதான் 5 ஆண்டுக்கு நீட்டித்திருந்தால் அதே 6,000 வெள்ளி 60 மாதங்களுக்குப் பிரிந்து, மாதம் 100 வெள்ளியாகக் குறைகிறது. இஞ்சினும் அதுவே, விலையும் அதுவே. மீதியுள்ள காலம் மாறியதால் முடிவும் மாறுகிறது.

அவருக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. கெடு முடியுமுன் பதிவை நீக்கினால், சான்றிதழின் மீதிக் காலத்துக்குரிய தொகை கணக்கிட்டுத் திருப்பித் தரப்படுகிறது. கார் ஓடுகிறதா, ஓடவில்லையா என்பதைப் பொறுத்ததன்று அந்தத் தொகை. ஆகவே, அங்கே இஞ்சின் செத்த காருக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் போய்வருவது, வேறு இஞ்சின் போடுவதைவிட நல்லதாக இருக்கலாம்.

நம் நிலைமை வேறு. மலேசியாவில் சொந்தக் காருக்கு அப்படியொரு பத்தாண்டுக் கெடு இல்லை. நின்றுபோன காரை விற்றால் இரும்பு விலையும் சில உதிரிப் பாகங்களின் விலையுமே கிடைக்கும். தோட்டத்து வாசலில் ரயிலும் வந்து நிற்பதில்லை. தேக்காக்காரருக்குக் கெடுவைச் சான்றிதழ் சொல்லிவிடுகிறது. நம் காரின் கெடுவை நாமே கணித்தாக வேண்டும். நம்மவர்கள் பலரும் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான். இஞ்சினை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். மூன்றாம் மாதம் கியர்பெட்டி போகிறது. ஆறாம் மாதம் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிறது. ஆகவே இஞ்சினுக்குப் பணம் கட்டுமுன் காரை மேலே தூக்கி, அடிப்பகுதி, கியர்பெட்டி, பிரேக் குழாய்கள், சக்கரம் தாங்கும் பாகங்கள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். "வேறு இஞ்சின் போட்டால் மற்றவை எத்தனை ஆண்டு தாங்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆண்டுகளால் செலவை வகுத்துப் பாருங்கள். வகுத்தல் கணக்கைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையே போட்டுக் காட்டிவிடும்.

அடுத்து, இஞ்சினுக்கு உண்மையில் என்ன கேடு என்று அறிய வேண்டும். ரேடியேட்டரில் நீர் வற்றினால் இஞ்சின் அளவுமீறிச் சூடாகும். பல இஞ்சின்களில் அடிப்பகுதி இரும்பாலும் மேல்மூடியாகிய சிலிண்டர் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். அதனால் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையே உள்ள கேஸ்கெட் கிழிகிறது. ஒரு தலைமயிரின் தடிமன் அளவு வளைந்தாலே போதும், நீர் உள்ளே இறங்கிவிடும். புகைக்குழாயில் வெண்புகை ஓயாமல் வருவதும், எண்ணெய் பால்விட்ட தேநீர் நிறமாவதும் இதன் அடையாளங்கள். இந்த அளவோடு நின்றிருந்தால் ஹெட்டைச் சமன்செய்து, புதிய கேஸ்கெட் போட்டால் போதும். வேறு இஞ்சின் தேவையில்லை.

நீலப்புகை வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அப்போது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கோளாறு. எண்ணெய் இல்லாமல் ஓடி, அடியில் 'டக்டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் பேரிங்கும் கிராங்கும் கெட்டிருக்கக்கூடும். இது பெரும் பழுது. முழுவதும் பிரித்து வேலை செய்வதைவிட வேறு இஞ்சின் போடுவது பல வேளைகளில் மலிவாக முடியும். இந்தச் சோதனைகளைச் செய்யாமலே "இஞ்சின் போச்சு, மாற்றிவிடலாம்" என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். இன்னொரு பட்டறையிலும் காட்டிக் கேளுங்கள்.

வேறு இஞ்சின் என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரும் பழைய இஞ்சின்தான். காரின் முன்பாதியை அப்படியே வெட்டி அனுப்புவதால் 'ஹாப் கட்' என்கிறோம். ஜப்பானில் புதிய காருக்கு மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனை உண்டு. அதன் செலவுக்கு அஞ்சி, நன்றாக ஓடும் கார்களையும் பலர் கழித்துவிடுகிறார்கள். ஆனாலும் வருகிற இஞ்சினெல்லாம் நல்ல இஞ்சின் ஆகிவிடாது. எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கறுப்புக் கசடு அப்பியிருந்தால் வேண்டாம். அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். இஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், நீர்ப்பம்பு, எண்ணெய் கசியும் ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை மாற்றிவிடுவது நல்லது. பிறகு செய்தால் கூலி இருமடங்கு. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பதிவேட்டில் இஞ்சின் எண்ணும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. இஞ்சினை மாற்றுமுன், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தையும், மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையையும் கேட்டறிந்து முறைப்படி பதிய வேண்டும். ரசீது இல்லாத மலிவான இஞ்சின் திருட்டுக் காருடையதாகவும் இருக்கக்கூடும்.

எந்த வழியில் போனாலும் பழுதின் மூலகாரணத்தைத் தீர்த்தாக வேண்டும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரை அப்படியே விட்டு வேறு இஞ்சின் வைத்தால், அதுவும் அதே சூட்டில் வேகும். வெப்பமுள் ஏறியதும் காரை நிறுத்துங்கள். "வீடு பக்கந்தானே" என்று ஓட்டும் கடைசி இரண்டு கல் தொலைவில்தான் சிறு பழுது பெரும் பழுதாகிறது. ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வாரம் ஒருமுறை, காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீரையும் எண்ணெயையும் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். வீட்டுப் பெண்களும் பெரிய பிள்ளைகளும்கூட இதைக் கற்றுக்கொள்ளலாம். காரை ஓட்டுகிறவர் ஒருவராக இருந்தாலும், அது நின்றால் துன்பப்படுவது குடும்பம் முழுவதுமே.