எலும்பு குடியேறும் உலோகம்



திம்புள்ளப் பகுதியில் பாதை என்றால் ஒன்று ஏற்றம், இல்லையேல் இறக்கம். மழை பெய்தால் படிகளெல்லாம் வழுக்கும். வயதான உம்மா ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லக்கூடும். உடனே வீட்டில் எழும் கேள்வி: "உடம்புக்குள் இரும்பை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது?" இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் படுக்கையில் விழுபவர்களும் உண்டு. அது என்ன உலோகம், எப்படிச் செய்கிறார்கள் என்று அறிந்தால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

உடலில் உலோகம் பொருத்துவது மார்க்கத்தில் புதிய செய்தியல்ல. அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபி, குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆணுக்குத் தங்கம் தடையாக இருந்தும், தேவைக்காக அனுமதி கிடைத்தது. உடலோடு ஒத்துப்போகும் உலோகமே வேண்டும் என்பதும் இதில் விளங்குகிறது.

இன்று அப்படிப்பட்ட உலோகம் டைட்டேனியம். காற்றுப் பட்டதும் அதன்மேல் மெல்லிய படலம் உண்டாகி, அது அரிக்காமல் காக்கிறது. ஸ்வீடனின் டாக்டர் பிரேனமார்க், 1950களில் முயலின் எலும்பில் பதித்த டைட்டேனியக் கருவியை எடுக்க முயன்றபோது, எலும்பு அதை இறுகப் பற்றியிருந்தது. 1965இல் ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியத்தால் பல்லுக்கு வேர் பதித்தார்.

இதன் தாது நம் நாட்டிலும் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் உள்ள இல்மனைட்டுதான் அது. கேரளத்தின் சவராவில், இத்தகைய மணலிலிருந்து கிடைப்பதைக் கொண்டு டைட்டேனியம் எடுக்கும் ஆலை 2011இல் தொடங்கியது.

ஆனால் ஒரு சிக்கல். கெட்டியான டைட்டேனியம் எலும்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விறைப்பானது. பாரத்தை அதுவே தாங்கிக்கொண்டால், பக்கத்து எலும்புக்கு வேலையில்லை. வேலையற்ற எலும்பு மெலியும், மூட்டு தளரும். ஆகவே உலோகத்தில் வேண்டுமென்றே துளைகள் உண்டாக்குகிறார்கள். விறைப்பும் குறையும், எலும்பு உள்ளே வளரவும் இடம் கிடைக்கும்.

பிட்டு அவிக்கும் உங்களுக்கு இந்த முறை எளிதில் விளங்கும். டைட்டேனியத் தூளோடு உப்புத் தூளைக் கலந்து அச்சில் அழுத்துவார்கள். தண்ணீரில் ஊறவைத்தால் உப்புக் கரைந்துவிடும். அது இருந்த இடம் துளையாகும். பின்னர் காற்றை அகற்றிய உலையில் 1200 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்குவார்கள். டைட்டேனியம் உருக 1668 பாகை வேண்டும். ஆகவே தூள் உருகாது. பிட்டு மாவின் மணிகள் ஆவியில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுபோல் ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்தால் ஒட்சிசனை உறிஞ்சி, முறியும் தன்மை அடைந்துவிடும். துளைகள் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு முதல் அரைப் பங்கு வரை இருந்தால், இரத்தக் குழாய்களும் எலும்பும் உள்ளே நுழையும். துளை கூடினால் பலம் குறையும். எனவே பல மூட்டுகளில் உள்ளே கெட்டியாகவும், எலும்பைத் தொடும் மேற்பரப்பில் மட்டும் துளைகளோடும் அமைப்பார்கள்.

எல்லாச் செயற்கை மூட்டும் இவ்வகையல்ல. சிமெந்து போன்ற பொருளால் பொருத்துபவையும் உண்டு. உங்கள் உம்மாவுக்கு வைப்பது எது, எப்போது ஊன்றி நடக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்பு குடியேற வாரங்கள், மாதங்கள் ஆகும், அவசரப்படக் கூடாது. உள்ளே இருக்கும் உலோகம் வுழூவுக்கோ குளிப்புக்கோ தடையல்ல. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம்.

உடலும் அமானிதமே. வைத்தியம் செய்யுமாறு நமக்கு ஏவப்பட்டிருக்கிறது. பயத்தின் பெயரால் ஒரு தாயைப் படுக்கையில் விட்டுவிடாதீர்கள்.