துறை மாறணுமா? முதல்ல ஒரு பேப்பர் எடுங்க

போன செமஸ்டர்ல எனக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில பிளேஸ்மென்ட் கிடைச்சது. அம்மா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தாங்க. ஆனா நான் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட், எனக்குப் பிடிச்சது ப்ராடக்ட் டிசைன். இந்த வேலையில சேர்ந்தா அப்புறம் மாறவே முடியாதோன்னு ஒரே பயம்.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து, என்னை எதெல்லாம் தடுக்குதுன்னு எழுதினேன். தகுதி இருக்கா? பணத்துக்கு என்ன பண்றது? படிச்ச நாலு வருஷம் வீணா? எனக்கு டிசைன் வருமா? வீட்ல என்ன சொல்வாங்க? எழுதின பிறகுதான் இதெல்லாம் ஒரே மாதிரியான தடை இல்லைன்னு புரிஞ்சது. சிலதை விசாரிச்சாலே தீர்ந்துடும். சிலதுக்குக் கணக்குப் போடணும். சிலது செஞ்சு பார்த்தால்தான் தெரியும்.

தகுதி: விசாரிங்க

ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். சேர சீட் (சி.இ.இ.டி.) என்ற தேர்வு இருக்கிறது. அதை எந்த பிராஞ்ச் இன்ஜினியரும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது. ஆனால் அதன் மதிப்பெண் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அதனால எந்த வருஷம் சேரப் போறோமோ, அந்த வருஷ அட்மிஷனுக்கு எழுதினால் போதும். "லேட் ஆயிடுச்சு"ன்னு நான் பயந்ததுக்கு அர்த்தமே இல்லை. உங்க துறைக்கும் நோட்டிஃபிகேஷனைத் திறந்து தகுதிப் பகுதியை மட்டும் முதல்ல படிங்க.

பணம்: கணக்குப் போடுங்க

பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும். 3 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 30,000 ரூபாய். இதை மறந்துட்டுத்தான் பலர் பிளான் போடுறோம்.

என் கணக்கு இது. கையில் 27,000 சம்பளம் வந்தால் தவணை 5,000, செலவு 10,000 போக 12,000 மிஞ்சும். எம்.டெஸ். இரண்டு வருஷம். அப்போ தவணை 5,000, என் செலவு 7,000, ஆக மாசம் 12,000 வேணும். அதாவது, ஒரு மாசம் வேலை பார்த்தா ஒரு மாசம் படிக்கலாம். 24 மாசம் சேர்த்தா 2,88,000. ஃபீஸ் தனி, அதுக்கு உதவித்தொகை தேடணும். வீட்டுக்கும் பணம் அனுப்பணும்னா இன்னும் சில மாசம் கூடும்.

கணக்குப் போடுறதுக்கு முன்னாடி "முடியாது"ன்னு இருந்தது, இப்போ "இரண்டு வருஷம்"னு ஆயிடுச்சு. என்னைப் பூட்டி வைக்கும்னு நினைச்ச வேலையே எனக்கு ஃபீஸ் கட்டும் வழியா மாறிடுச்சு. ஒண்ணு மட்டும் கவனிங்க: பாண்ட் எத்தனை மாசம், முன்னாடியே விலகினா எவ்வளவு கட்டணும்னு படிச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

நாலு வருஷம் வீணா?

போன காசும் காலமும் நாம எந்தப் பக்கம் போனாலும் திரும்ப வராது. அதனால அடுத்த நாலு வருஷத்தை எப்படிச் செலவழிக்கிறதுன்னுதான் யோசிக்கணும். படிச்சதும் முழுசா வீண் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா அச்சிலிருந்து கழன்று வர, அதன் பக்கச் சுவர் லேசா சாய்வா இருக்கணும். அழகா மட்டும் வரையத் தெரிஞ்சவங்களுக்கு இதைப் புதுசா சொல்லித் தரணும். நமக்குத் தேவையில்லை.

வருமா: செஞ்சு பாருங்க

இதுக்கு வேலையை விட வேண்டியதில்லை. சுஜாதா பெங்களூர் பி.இ.எல்.லில் இன்ஜினியராக இருந்துகொண்டேதான் எழுதினார். நான் முப்பது நாள், தினமும் ஒரு பொருளை வரையணும்னு முடிவு பண்ணினேன். முதல் நாள் வரைஞ்ச மிக்ஸி குக்கர் மாதிரி இருந்தது. பன்னிரண்டாம் நாள் செம போர். ஆனா கடைசி வாரம் மெஸ் மூடுற நேரம்கூடத் தெரியாம வரைஞ்சுட்டு இருந்தேன். இதுதான் எனக்குக் கிடைச்ச முதல் நிஜமான பதில். உங்களுக்குப் பத்தே நாளில் வெறுத்துப் போனாலும் லாபம்தான். இரண்டு வருஷம் மிச்சம்!

வீடு: பேப்பரைக் காட்டுங்க

'நண்பன்' படத்துல ஒரே சீன்ல அப்பா மனசு மாறிடுவார். எங்க வீட்ல அப்படி நடக்கலை. "பிடிச்சிருக்கு"ன்னு மட்டும் சொல்லாம, கணக்கையும் முப்பது படங்களையும் அப்பா முன்னாடி வச்சேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது படிச்சா வேலை கிடைக்குமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. அந்தத் துறையில வேலை பார்க்கிற ரெண்டு பேரைப் பார்த்துப் பேசிட்டு வரச் சொன்னார். அவர் இன்னும் சரின்னு சொல்லலை. ஆனா வேண்டாம்னும் சொல்லலையே!

ஜூலையில நான் அந்த வேலையில சேரப் போறேன், கையில ஒரு தேதியோட. உங்களுக்கும் இப்படி ஒரு பயம் இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க. ஒவ்வொரு தடைக்கும் பக்கத்துல விசாரிக்கணுமா, கணக்குப் போடணுமா, செஞ்சு பார்க்கணுமான்னு எழுதுங்க. நாளைக்கே அதுல ஒண்ணை ஆரம்பிச்சுடலாம்.