பழகிய பெயரா, பார்த்துத் தேர்ந்த துணையா?

அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் ஓதிக் கொண்டிருந்த வேளை. மதரஸா வாசலில் வெள்ளைத் துப்பட்டி அணிந்த மூதாட்டி ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை.

"ஹஜ்ரத், ஆறு வருஷத்துக்கு முன்னால் போன அதே சர்வீஸிலேயே இந்த முறையும் உம்ராவுக்குப் போகட்டுமா? இல்லை, மருமகன் சொல்கிற புது ஆளிடம் பணத்தைக் கொடுக்கட்டுமா?"

பையில் இருந்தது பல ஆண்டுகள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து சேர்த்த பணம். கண்பார்வை மங்கும் முன் கஅபாவை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய சர்வீஸ்காரர் நல்லவர். முதல் பயணத்தில் குறையொன்றும் வைக்கவில்லை. புதியவரோ, ஹரமுக்கு அருகிலேயே தங்கவைத்துக் குறைந்த தொகையில் அழைத்துச் செல்வதாகச் சொல்கின்றார். எனக்கு உடனே விடை சொல்ல நாவெழவில்லை.

அன்பிற்குரிய வாசகர்களே! இது அந்த மூதாட்டியின் கேள்வி மட்டுமன்று. ஒரு முறை நம்பிச் சென்றவரோடு என்றென்றும் நிலைத்திருப்பதா, ஒவ்வொரு முறையும் பலரையும் ஒப்பிட்டுப் பார்த்து மாறுவதா என்பது, புனிதப் பயணம் மேற்கொள்ளும் ஒவ்வொரு குடும்பமும் சந்திக்கின்ற கேள்வி. நன்றி மறவாமை ஒருபுறம், விழிப்புணர்வு மறுபுறம். இரண்டுமே இஸ்லாம் நமக்குக் கற்றுத் தந்த பண்புகள்தாம். அவ்வாறாயின் எதை எங்கே வைப்பது?

கடல்வழி சொல்லும் பாடம்

விமானங்கள் வருமுன் நம் முன்னோர் கப்பலில்தான் ஜித்தா சென்றனர். எந்தக் கப்பலை நம்புவது என்பது அன்று உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தது.

1880ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் காலங்காலமாகச் சென்று வந்த பினாங்குத் துறைமுகத்திலிருந்து 'ஜித்தா' என்னும் பெயருடைய நீராவிக் கப்பல், ஏறத்தாழ 1000 ஹாஜிகளைச் சுமந்து புறப்பட்டது. அது ஹஜ் பயணத்திற்கென்றே 1872இல் கட்டப்பட்ட கப்பல். அதன் உரிமையாளர்கள் சிங்கப்பூரில் பெரும்புகழ் பெற்றிருந்த அல்சகாஃப் என்னும் அரபு வணிகக் குடும்பத்தினர். பெயரும் புனிதமானது, உரிமையாளரும் நம்மவர், நோக்கமும் ஹஜ். நம்புவதற்கு இன்னும் என்ன வேண்டும்?

ஆனால் நடுக்கடலில் புயல் அடித்தது. கொதிகலன்கள் இடம் பெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் கப்பலின் ஆங்கிலேயத் தலைவரும் அதிகாரிகளும், ஹாஜிகளைக் கைவிட்டுப் படகேறித் தப்பிச் சென்றனர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடன் துறைமுகத்தை அடைந்த அவர்கள், ஜித்தா கப்பல் அனைவருடனும் மூழ்கிவிட்டதாக அறிவித்தனர். மறுநாளே அதே ஜித்தா, 'ஆன்டனார்' என்னும் கப்பலால் இழுத்து வரப்பட்டு ஏடனை வந்தடைந்தது. கைவிடப்பட்ட ஹாஜிகள் நீரை இறைத்து இறைத்துக் கப்பலை மிதக்க வைத்திருந்தனர். விசாரணையின் முடிவில் கப்பல் தலைவரின் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

உரிமையாளரின் பெயர் கரையிலேயே நின்றுவிடுகின்றது; நடுக்கடலில் நம்மோடு இருப்பவர் கப்பலைச் செலுத்துபவரே. இதனை நாம் மறந்துவிடக் கூடாது.

ஹாஜிகள் பட்ட இன்னல்களைக் குறைக்கக் கருதிய அன்றைய ஆங்கில அரசு, 1886இல் உலகப் புகழ் பெற்ற தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயண முகவராக நியமித்தது. அந்த ஏற்பாடும் சில ஆண்டுகளே நீடித்தது. 1841இல் தொடங்கிய அதே பிரிட்டிஷ் நிறுவனம் 2019 செப்டம்பரில் திவாலாகி, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் தவித்து நின்றதை நாம் செய்திகளில் கண்டோம். இந்தியாவில் அப்பெயரில் இயங்குவது வேறு நிறுவனம். அதற்கு அப்போது பாதிப்பு ஏற்படவில்லை. ஆக, பெயர் ஒன்றாயினும் நிறுவனம் வேறாக இருக்கலாம். நிறுவனம் பழமையானதாயினும் நாளையும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அதன்பின் பல்லாண்டுகள், பம்பாயிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் செல்லும் தொழில் பெரும்பாலும் 'மொகல் லைன்' என்னும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1930களின் இறுதியில் சிந்தியா என்னும் இந்தியக் கப்பல் நிறுவனம் போட்டிக்கு வந்தது. வந்தவுடன் கட்டணம் சரிந்தது. குறைக்கவே முடியாது என்றிருந்த தொகை, போட்டியாளர் ஒருவர் வந்ததும் குறைந்துவிட்டது! பின்னர் 1962இல் மொகல் லைன் அரசுடைமையாயிற்று. 1995இல் மும்பை – ஜித்தா ஹஜ் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று. வேறு வழியில்லாமல் ஒருவரையே நாடியிருப்பது விசுவாசமாகாது. மாற்று வழி இருந்தும், சீர்தூக்கிப் பார்த்து ஒருவரோடு நிலைத்திருப்பதே விசுவாசம்.

பழகியவரிடம் உள்ள நன்மை

இதனைக் கூறுவதால், பழகியவரை விட்டுவிடுங்கள் என்பது பொருளன்று. பழக்கத்திற்கென ஒரு தனி மதிப்பு உண்டு. உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், தந்தையார் இரவில் தனியே வெளியே சென்று வழி தவறிவிடக் கூடியவர் என்பதும் பழைய குழுத் தலைவருக்குத் தெரியும். தவாஃபில் யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், யார் தயங்கிக் கேட்காமல் இருந்துவிடுவார் என்பதையும் அவர் அறிவார். அந்நிய நாட்டில் நோயோ மரணமோ நேர்ந்தால், முகம் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பதன் அருமையை அனுபவித்தவர்களே உணர்வர்.

ஐயாயிரம் ரூபாய் குறைகின்றது என்பதற்காக இத்தகைய ஒருவரை விட்டு விலகுவது, சிக்கனம் போலத் தோன்றும் நட்டமாகும். ஆண்டுதோறும் ஆளை மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே பயணம் செய்கின்றார்.

பெயர் அதுவே, ஏற்பாடு வேறு

எனினும், ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்களை அழைத்துச் சென்றவர்தாம் இன்றும் அழைத்துச் செல்கின்றாரா? இங்கேதான் பலரும் ஏமாந்து போகின்றனர். சிறு ஊர்களில் உள்ள பல சர்வீஸ்கள் தாங்களே எல்லா ஏற்பாடுகளையும் செய்வதில்லை. ஆட்களைச் சேர்த்துப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைத்து விடுகின்றன. பெயர்ப் பலகை அதுவே. விசா எடுப்பவரும் விடுதி பிடிப்பவரும் வேறு. விசுவாசத்தோடு ஒருவரைத் தேடிச் சென்று, முன்பின் அறியாத மற்றொருவரின் பேருந்தில் ஏறுகின்றோம்.

விடுதி விஷயமும் அவ்வாறே. சென்ற முறை மிஸ்ஃபலாவில் நடந்து செல்லும் தொலைவில் தங்கியவர்கள், இம்முறை அஸீஸிய்யாவில் பேருந்தை எதிர்பார்த்து நிற்க நேரலாம். ரமளானிலும் ஜும்ஆ நாட்களிலும் ஹரமைச் சுற்றியுள்ள சாலைகள் அடைக்கப்படும்போது அந்தப் பேருந்து பாதி வழியோடு நின்றுவிடும். 500 மீட்டர் என்று விளம்பரத்தில் கண்டால், எந்த வாசலிலிருந்து, சமதரையிலா, மேட்டிலா என்று கேட்க வேண்டும். அஜ்யாத் பகுதியின் ஏற்றத்தில் முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கு 500 மீட்டர் என்பது சிறு தொலைவன்று.

ஹஜ்ஜைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு நமக்குக் கசப்பான பாடமாக அமைந்தது. அவ்வாண்டு இந்தியாவுக்குக் கிடைத்த 1,75,025 இடங்களில் 1,22,518 இடங்கள் ஹஜ் கமிட்டிக்கும், 52,507 இடங்கள் தனியார் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒதுக்கப்பட்டன. 800க்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்கள் 26 கூட்டுக் குழுமங்களாக இணைக்கப்பட்டன. மினா கூடாரங்கள், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்கள் உரிய கெடுவுக்குள் நிறைவேறவில்லை. பின்னர் 10,000 பேருக்கு மட்டும் சவூதி அரசு மீண்டும் வழி திறந்தது. எஞ்சிய பெரும்பான்மையோர் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அவர்களுள் பலர், தாம் நன்கறிந்தவரிடமே பணத்தைக் கொடுத்தவர்கள். அந்த ஏற்பாட்டாளர்களுள் நேர்மையானவர்களும் இருந்தனர். ஆனால் தம்முடைய பணம் எந்தக் குழுமத்தின் வழியே எங்கே செல்கின்றது என்பதைப் பயணிகளுள் எத்தனை பேர் கேட்டறிந்திருப்பர்?

எங்களையும் கேளுங்கள்

ஒன்றை வெளிப்படையாகவே எழுதக் கடமைப்பட்டுள்ளேன். மக்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆலிம்களிடமே யோசனை கேட்கின்றனர். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்துத் தருபவருக்குச் சில சர்வீஸ்கள் இலவச இடம் அளிக்கின்றன. சிலர் தொகையும் தருகின்றனர். வழிகாட்டியாக உடன் சென்று உழைப்பவர் அதற்குரிய பயனைப் பெறுவதில் தவறில்லை. அதனை மறைத்து, "நான் சொல்கின்றேன், இவரிடமே போங்கள்" என்று பரிந்துரைப்பதுதான் தவறு. ஆகவே, "ஹஜ்ரத், இதில் உங்களுக்கு ஏதேனும் உண்டா?" என்று மரியாதையோடு கேளுங்கள். உண்மையாளர் அக்கேள்விக்காகச் சினம் கொள்ள மாட்டார்.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படும் ஒரு நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஒருவரை நல்லவர் என்று மற்றொருவர் பரிந்துரைத்தபோது, நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவரோடு பொருள் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கின்றீரா, அவரோடு பயணம் சென்றிருக்கின்றீரா என வினவினார்கள். எதற்கும் ஆம் என்ற விடை வராதபோது, அவரை நீர் அறியவில்லை என்று கூறிவிட்டார்கள். பயணமும் பணமும் மனிதனை வெளிப்படுத்தும் இரு உரைகற்கள். ஹஜ், உம்ரா சேவையிலோ இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன!

கேட்க வேண்டியவை

பழகியவராயினும் புதியவராயினும் கீழ்க்காணும் வினாக்களை ஒரே மாதிரியாகக் கேளுங்கள்.

விடுதியின் பெயர் என்ன? பெயரின்றி "அதற்கு இணையான விடுதி" என்று எழுதப்பட்டிருந்தால், அதிகபட்சத் தொலைவு எவ்வளவு?

விசாவையும் விடுதியையும் ஏற்பாடு செய்வது நீங்களா, வேறு நிறுவனமா? ஹஜ்ஜாயின் உங்கள் நிறுவனம் அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா? எந்தக் குழுமத்தின் கீழ் உள்ளது?

எங்களோடு உடன் வருபவர் யார்? எத்தனை பேருக்கு ஒருவர்?

ரவ்ளா ஷரீஃபில் தொழுவதற்கு 'நுஸுக்' செயலியில் முன்பதிவு தேவை. செயலியைக் கையாளத் தெரியாத முதியவர்களுக்கு அதனைச் செய்து தருவது யார்?

பயணம் நின்றுபோனால் எவ்வளவு பணம், எத்தனை நாட்களில் திரும்பக் கிடைக்கும்?

விடைகளை எழுத்தில் பெறுங்கள். பணத்தை வங்கி வழியாகவே செலுத்தி ரசீது வாங்குங்கள். "நமக்குள் எழுத்து எதற்கு? அல்லாஹ் இருக்கின்றான்" என்று சிலர் கூறுவர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282), கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியதே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்க வேண்டும் என்பது மதரஸாவில் சிறு பிள்ளைகளும் ஓதும் பாடமல்லவா?

கேட்டபின், மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவு செய்யுங்கள். விடைகளில் பழையவரும் புதியவரும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் பழையவரோடு செல்லுங்கள், அது நன்றியுணர்வு. விடை தர மறுத்தால், எத்தனை ஆண்டுப் பழக்கமாயினும் விலகுங்கள். விலகும்போது சொல்லாமல் நழுவாமல், காரணத்தை அவரிடமே எடுத்துரையுங்கள். அது அவருக்கு நீங்கள் செய்யும் நன்மை. அடுத்து வரும் ஹாஜிகளுக்கும் நன்மை.

அந்த மூதாட்டிக்கு இவ்வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இருவரிடமும் காட்டச் சொன்னேன். பத்து நாள் கழித்து வந்தார். புதியவர், "எல்லாம் நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதீர்கள்" என்று வாயால் சொன்னாராம், எழுதித் தரவில்லை. பழையவர் முதலில் முகம் சுளித்தாராம். "என்னிடமே கேள்வியா?" என்றாராம். பின்னர் அமர்ந்து எழுதிக் கொடுத்திருக்கின்றார். இம்முறை விடுதி சென்ற முறையைவிடத் தொலைவு. சக்கர நாற்காலிக்குத் தனிக் கட்டணம். உடன் வருபவர் தாமல்லர், தம் மகன் என்று மூன்று குறைகளையும் அவரே எழுதியிருந்தார்.

"குறையை மறைக்காமல் எழுதியிருக்கிறார், ஹஜ்ரத். இவரோடேயே போகிறேன்" என்றார் அந்த அம்மையார்.

முதல் பயணத்தின் நினைவால் மட்டும் அவர் அவரோடு நிலைத்திருக்கவில்லை. இப்போது கேட்டறிந்த உண்மையாலும் நிலைத்திருக்கின்றார். அத்தகைய தெளிவையும் நேர்மையான வழித்துணையையும், ஏற்றுக் கொள்ளப்பட்ட ஹஜ்ஜையும் உம்ராவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.