சுவரில் உரியும் நஞ்சு: பொறுப்பு யாருடையது?

பழைய வீட்டுச் சுவரில் வண்ணப்பூச்சு செதில் செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அழகு கெட்டுவிட்டதே என்றுதான் நமக்குத் தோன்றும். நியூயார்க் நகரிலோ அது வீட்டுக்காரரை நீதிமன்றப் படியேற்றிவிடக்கூடும்! காரணம் என்ன?

அந்நாளைய வண்ணப்பூச்சுகளில் காரீயச் சேர்மங்களைக் கலந்தார்கள். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு.) காரீயக் கார்பனேட் சுவரை நன்கு மறைக்கும்; நெடுநாள் உழைக்கும். ஆனால் பூச்சு உரியும்போதும், சன்னல் சட்டத்தோடு உராயும்போதும் காரீயத்தூள் தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கையில் ஒட்டி, வாய்க்குள் போகிறது.

உடலுக்குள் காரீயம் கால்சியத்தைப் போல வேடமிடுகிறது. எலும்பில் தங்குகிறது, வளரும் மூளைக்குள்ளும் புகுந்து நரம்புகளின் வேலையைக் குலைக்கிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களைவிடப் பெரும் பங்கைக் குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. இதனால் குன்றும் கற்கும் திறனை முழுதும் மீட்டுத் தரும் மருந்து இல்லை. ஆகவே, வருமுன் காப்பதே வழி.

காப்பது யார்? குடியிருப்புகளில் காரீயப் பூச்சை நியூயார்க் நகரம் 1960இல் தடை செய்தது. அமெரிக்கா முழுவதிலும் 1978இல் தடை வந்தது. ஏற்கெனவே பூசியதோ சுவரிலேயே இருந்தது. 1992ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, 1978க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், காரீயப் பூச்சைப்பற்றித் தாம் அறிந்ததை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

“நான் சோதிக்கவில்லை, எனக்குத் தெரியாது” என்று அவர் சொன்னால்? 2001இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. பழுதுபார்க்கும் பொறுப்பை உரிமையாளர் ஏற்றிருந்து, கட்டடத்தின் பழமை, உரியும் பூச்சு, காரீயத்தின் தீங்கு, அங்கே குழந்தை இருப்பது ஆகிய நான்கையும் அறிந்திருந்தால், ஆபத்தை அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்று வழக்காடலாம். நகரத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 1960க்கு முன் கட்டிய அடுக்ககத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், பூச்சில் காரீயம் உண்டென்றே கொள்ளப்படும். உரிமையாளர் ஆண்டுதோறும் ஆய்ந்து சீர்செய்ய வேண்டும். இல்லையெனக் காட்டுவதும் அவர் பொறுப்பே.

சீர்செய்வதிலும் கவனம் வேண்டும். உலர்ந்த பூச்சைத் தேய்த்தால் தூள் வீடெங்கும் பரவும். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இத்தனை கண்டிப்பு ஏன் என்கிறீர்களா? சுவரை முன்னதாகச் சோதிக்காவிட்டால், பிறகு குழந்தையின் இரத்தத்தைத்தானே சோதிக்க வேண்டியிருக்கும்!